கடலுக்குப் போற தண்ணி வீணா? ஹவாய் ஓடைகளும் ஒரு குட்டி இறாலின் வழக்கும்

மழைக்காலம் வந்தால் போதும், நம்ம ஊர் செய்தித்தாள்களில் அந்த வரி தவறாமல் வந்துவிடும். இத்தனை டி.எம்.சி. தண்ணீர் 'வீணாகக் கடலில் கலந்தது'. டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர் உச்சுக் கொட்டுவார். கொள்ளிடத்தில் தண்ணி சுழித்துக்கொண்டு ஓடுறதைப் பார்த்துப் பெருமூச்சு விடாத தஞ்சாவூர்க்காரர் உண்டா என்ன? கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊருக்கு அந்த ஆதங்கம் நியாயமானதுதான்.

ஆனா இதே வரியை ஆத்து இறால் ஒண்ணுக்கிட்ட போய்ச் சொன்னோம்னா அது என்ன பதில் சொல்லும்?

சிரிக்காதீங்க மக்களே. ஹவாய்த் தீவுகளில் நூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கேள்வி நிஜமாகவே இருந்தது. அரசர், சர்க்கரை முதலாளிகள், சேப்பங்கிழங்கு விவசாயிகள், உச்ச நீதிமன்றம் என்று எல்லாரும் அதற்குள் வந்து போனார்கள். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

நன்னீர் இறாலுக்கு உப்புத் தண்ணி எதுக்கு?

கதைக்குள் போகும் முன் இறாலின் ஜாதகம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

இப்போ நம்ம ஊர் மீன் கடைகளில் நீலக் கொடுக்கோடு ஒரு பெரிய நன்னீர் இறால் கிடைக்குது இல்லையா, 'ஸ்கேம்பி' என்று பண்ணைகளில் வளர்க்கிறார்களே, அதேதான். ஆற்றில் வாழ்கிற இதைக் குளத்தில் பிடித்துப் போட்டு வளர்த்துவிடலாம். குஞ்சு பொரிக்க வைத்து ஆளாக்குவதுதான் யாராலும் முடியாமல் இருந்தது. முட்டை பொரியும், குஞ்சுகள் நீந்தும், சில நாளில் மொத்தமாகச் செத்து மிதக்கும். நல்ல சுத்தமான ஆற்றுத் தண்ணீர்தான், அப்புறம் ஏன் சாகுது?

1961-ல் விடை கிடைத்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் நிபுணர் ஷாவ்-வென் லிங் மலேயாவின் பினாங்கில் இருந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இந்தக் குஞ்சுகளுக்கு வேண்டியது உப்புக் கலந்த தண்ணீர் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். தாய் ஆற்றில் வாழ்ந்தாலும் பிள்ளையின் முதல் நாட்கள் முகத்துவாரத்தில்தான் கழியணும். 1965-ல் இதே இறாலை மலேசியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டு போனார்கள். அங்கே டக்குஜி ஃபுஜிமுரா என்பவரும் அவருடைய குழுவும் குஞ்சுகளை லட்சக்கணக்கில் வளர்த்தெடுக்கும் முறையை உருவாக்கினார்கள். இன்றைய ஸ்கேம்பி பண்ணைகளுக்கு அதுதான் தொடக்கம்.

வெப்ப மண்டலத் தீவுகளின் ஓடைகளில் இருக்கிற இறால்கள் இந்தப் பழக்கத்தை இன்னும் தீவிரமாகக் கடைப்பிடிக்கின்றன. தாய் இறால் மலை உச்சி ஓடையில் இருக்கும். வயிற்றுக்கடியில் சுமந்த முட்டைகள் பொரிந்ததும் பொட்டு பொட்டான குஞ்சுகளை நீரோட்டம் கீழே அடித்துக்கொண்டு போகும். சில நாட்களுக்குள் உப்புத் தண்ணியைத் தொட்டாகணும், இல்லைன்னா சாவுதான். கடலில் மாதக்கணக்கில் மிதந்து வளர்ந்து, ஏதாவது ஓர் ஓடையின் நன்னீர் கடலில் கலக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியே மறுபடி மலை ஏற ஆரம்பிக்கும். தான் பிறந்த ஓடையே கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. எந்த ஓடை கூப்பிடுதோ அதுதான் வீடு.

நண்டு தேர்ந்தெடுத்த வேற வழி

இந்த இடத்தில் நண்டைப் பற்றியும் சொல்லணும். நம்ம வயல் நண்டைப் பார்த்திருப்பீங்க. அதன் குஞ்சு கடலுக்குப் போகிற வேலையே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் முடிந்து, பொரியும்போதே குட்டி நண்டாக வெளியே வரும். கொஞ்ச நாள் அம்மாவின் வயிற்றுக்கடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கடல் சகவாசத்தை அடியோடு விட்டதில் அதற்கு ஒரு லாபம், ஒரு நஷ்டம். ஆற்றின் கீழ்ப்பகுதியை யார் அடைத்தாலும் நண்டுக்குக் கவலையில்லை. ஆனால் கடல் தாண்டிப் போகவும் முடியாது. அதனால் எந்த மலையில் மாட்டிக்கொண்டதோ அங்கேயே தனி இனமாக மாறிவிடும். இலங்கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பாதிக்கு மேல் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2005-ல் வந்த ஆய்வு சொன்னது. ஒரு மலைக்காடு போனால் ஓர் இனமே போச்சு.

ஹவாயில் நிலைமை நேர் எதிர். அருகிலுள்ள கண்டமே சுமார் 3,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எரிமலைகள் கடலுக்கடியிலிருந்து எழும்பி உருவான தீவுகள் அவை. அங்கே நன்னீர் நண்டு போய்ச் சேரவே இல்லை. போய்ச் சேர்ந்தவை எல்லாம் கடலில் குழந்தைப் பருவத்தைக் கழிக்கிற ஜீவன்கள்தான். இரண்டு வகை இறால், ஐந்து வகை மீன் (நம்ம உளுவைச் சொந்தக்காரர்கள்), சில நத்தைகள். ஹவாய் ஓடைகளின் பெரிய உயிர்களுக்கான சுதேசிப் பட்டியல் இவ்வளவுதான்.

அதில் நம் கதாநாயகன் 'ஓபாய் காலாஓலெ'. 'ஓபாய்' என்றால் இறால், 'காலாஓலெ' என்றால் முள்ளில்லாதது. 'மலை இறால்' என்றும் பெயர் உண்டு. விரல் நீளம்கூட இருக்காது. கொடுக்குக்குப் பதிலாகக் கைகளில் தூரிகை மாதிரி மயிர்க்கொத்து. பாய்ந்து வரும் தண்ணீரில் பாறையைப் பிடித்து நின்று, அந்தத் தூரிகையை விரித்து, மிதந்து வருவதைச் சலித்துத் தின்னும். ஈரப் பாறை இருந்தால் போதும், செங்குத்தான அருவியிலும் ஏறிவிடும். அகாகா அருவியின் உயரம் சுமார் 135 மீட்டர். அதற்கு மேலே இருக்கிற ஓடையிலும் இது வாழ்கிறது!

இதற்கும் கீழ்ப்பகுதியில் வாழும் இன்னொரு இறாலுக்கும் 1840-ல் அறிவியல் பெயர் வைத்தவர் ஜான் விட் ராண்டல் என்ற அமெரிக்கர். சேகரித்துக் கொண்டு வந்தவர்கள் வேறு ஆட்கள், இவர் பெயர் மட்டும் வைத்தார். ஹவாய்க்காரர்கள் அதற்குப் பல நூறு வருஷம் முன்பே பெயர் வைத்து, பிடித்து, தின்றுகொண்டுதான் இருந்தார்கள் :-)

தண்ணியே செல்வம், தண்ணியே சட்டம்

பாலினீசிய மக்கள் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் படகுகளில் ஹவாய் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய சோறு 'காலோ', அதாவது நம்ம சேப்பங்கிழங்கு. நெல் வயல் போலவே வரப்பு கட்டி, தண்ணி தேக்கி வளர்ப்பார்கள். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவார்கள். வயலைக் கடந்த தண்ணி திரும்ப ஓடையிலேயே போய் விழும். தேங்கிச் சூடான தண்ணியில் கிழங்கு அழுகிப் போகும், குளிர்ந்து ஓடிக்கொண்டே இருக்கணும். அதாவது கிழங்குக்கும் இறாலுக்கும் தேவை ஒண்ணுதான்.

மலை உச்சியிலிருந்து கடல் வரை ஒரே துண்டாக நிலத்தைப் பிரித்திருந்தார்கள். ஓடை நடுவில் ஓடும். மேலே காடு, நடுவில் வயல், கீழே மீன். பெண்களும் பிள்ளைகளும் கை வலையோடு பாறைக்கடியில் துழாவி ஓபாய் பிடிப்பார்கள்.

தண்ணிக்கு அவங்க மொழியில் 'வாய்'. செல்வத்துக்கு 'வாய்வாய்'. சட்டத்துக்கு 'கானாவாய்', அதற்குள்ளும் தண்ணீர் இருக்கு. (உடனே நம்ம வாய்க்காலோடு முடிச்சுப் போட்டு 'ஹவாய்க்குப் போன ஆதித் தமிழன்'னு யாரும் கிளம்பிடாதீங்க சாமி. தற்செயல் ஒற்றுமைதான்.)

ஒற்றைக் கை முதலாளியும் ஒரு நள்ளிரவும்

1875-ல் ஹவாய் அரசும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. 1876-லிருந்து ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போகலாம். அவ்வளவுதான், எல்லாரும் கரும்பு போடக் கிளம்பிவிட்டார்கள்.

ஒரு சிக்கல். மாவுய் தீவில் கரும்பு போட வாகான சமவெளி நடுவில் இருக்கிறது. அங்கே வெயில் உண்டு, மழை இல்லை. மழை கொட்டுவதெல்லாம் கிழக்குப் பக்கத்து மலைச் சரிவில். சரி, தண்ணியைக் கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார்கள் சாமுவேல் அலெக்சாண்டரும் ஹென்றி பால்ட்வினும். 1876-ல் அரசர் கலாகவுவாவின் அரசு அனுமதி கொடுத்தது. நிபந்தனை, இரண்டு வருஷத்தில் கால்வாயை முடிக்கணும்.

அந்த 1876-லேயே பால்ட்வின் ஆலை இயந்திரத்தில் சிக்கி வலது கையை இழந்திருந்தார். கால்வாயின் கடைசிப் பெரிய தடை மலிக்கோ பள்ளத்தாக்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக இறங்கிக் குழாய் பதிக்கணும். வேலையாட்கள் முடியாது என்று நின்றுவிட்டார்களாம். பால்ட்வின் கயிற்றைக் கால்களால் பின்னிக்கொண்டு, இருந்த ஒரே கையால் பிடித்து இறங்கிக் காட்டினார், அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள் என்று மாவுயில் இன்றும் சொல்வார்கள்.

அந்த அவசரத்துக்குக் காரணம் கிளாஸ் ஸ்ப்ரெக்கல்ஸ் என்ற கலிஃபோர்னியா சர்க்கரை ஜாம்பவான். அவருக்கும் அதே மலைத் தண்ணியின் மேல் கண். 1878 ஜூலையில் ஒரு நள்ளிரவில் அரசர் தன் அமைச்சரவையையே கலைத்துவிட்டார். புதிதாக வந்த அமைச்சரவை ஸ்ப்ரெக்கல்ஸ் கேட்ட தண்ணீர் உரிமையை உடனே கொடுத்தது. அவர் அரசருக்குக் கடன் கொடுத்ததும் அதே நாட்களில்தான். நம்ம ஊர் அரசியல் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பால்ட்வின் கெடுவுக்குள் முடிக்காவிட்டால் அந்தக் கால்வாயும் ஸ்ப்ரெக்கல்ஸுக்கே என்று ஒரு கொக்கியும் இருந்தது. 17 மைல் நீளக் கால்வாயைக் கெடுவுக்குள் முடித்துவிட்டார் பால்ட்வின்.

அப்புறம் நிற்கவே இல்லை. கால்வாய் மேல் கால்வாய், மலையைக் குடைந்து சுரங்கம். 1904-ல் ஒரு பெரிய கால்வாய்க்குப் பொறியாளராக இருந்த ஓ'ஷாஃனசி பிற்பாடு சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்கே தண்ணி கொண்டு வந்தவர். 1893-ல் ஹவாய் அரசியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள், 1898-ல் நாடு அமெரிக்காவோடு சேர்ந்தது, கால்வாய்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. கடைசியில் கிழக்கு மாவுய் கால்வாய் வலையின் நீளம் 74 மைல், அதில் சுமார் 50 மைல் சுரங்கம். சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 62 கோடி லிட்டர் தண்ணீர். 2019 கோடைப் பஞ்சத்தில் சென்னை மாநகரம் முழுமைக்கும் ஒரு நாளைக்கு விநியோகித்தது 52 கோடி லிட்டர் சொச்சம் என்று ஒப்பிட்டுப் பாருங்க, அளவு புரியும்.

பொறியியலாகப் பார்த்தால் அசாத்திய சாதனை. அதில் வேலை செய்த ஹவாய், சீன, ஜப்பானியத் தொழிலாளர்களின் உழைப்பும் சாதாரணமில்லை. ஆனா ஓடையில் என்ன நடந்தது?

பாதி வழியில் அறுந்த கயிறு

மலைச் சரிவில் ஒவ்வொரு ஓடைக்கும் குறுக்கே ஒரு தடுப்பு, ஒரு கம்பி வலை. ஓடை அந்த வலைக்குள் விழுந்து கால்வாய்க்குள் போய்விடும். அதற்குக் கீழே வெறும் கல். மழை பெய்து தடுப்பு வழிந்தால்தான் கீழே தண்ணி.

மேலே இருக்கிற இறாலுக்குக் குஞ்சு பொரிக்கிறது. தண்ணியோடு மிதந்து வருகிற குஞ்சுகள் கம்பி வலைக்குள் விழுகின்றன. கடைசியில் போய்ச் சேருவது கடலுக்கில்லை, கரும்புத் தோட்டத்துக்கு. இந்தப் பக்கம் கடலில் வளர்ந்து திரும்புகிற இளம் இறால் நன்னீர் தேடி வருகிறது. ஓடை வாய் காய்ந்து கிடக்கிறது. எப்போதாவது வெள்ளம் வரும்போது சில நுழையும். ஈரப் பாறை கிடைத்தால் தொத்திக்கொண்டு மேலேயும் போய்விடும். அதனால்தான் மலை இறால் அடியோடு ஒழியவில்லை. ஆனால் சுவர் ஏறத் தெரியாத மீனுக்கும் நத்தைக்கும் அந்தச் சலுகையும் இல்லை.

வயலில் சேப்பங்கிழங்கு அழுகியது. பல குடும்பங்கள் வயலை விட்டுவிட்டு வேற வேலைக்குப் போனார்கள். இறால் துழாவிய கைகளுக்கும் வேலை இல்லாமல் போனது.

இதற்கு நடுவே ஒரு கூத்து. 1956-ல் குவாமிலிருந்து பெரிய இறால் வகை ஒன்றைக் கொண்டு வந்து மொலோக்காய் தீவில் விட்டார்கள், மக்கள் பிடித்துச் சாப்பிடட்டுமே என்று. அதன் குஞ்சும் கடலில் மிதக்கிற ரகம் ஆச்சே. யாரும் அழைத்துப் போகாத ஓடைகளுக்கும் அதுவே கடல் வழியாகப் போய்ச் சேர்ந்தது. கடல் எல்லாத் தீவு ஓடைகளையும் இணைக்கிற பொதுத் தெரு என்பதற்கு இதைவிட வேற சாட்சி வேணுமா?

இரண்டு பூனையும் நீதிமன்றக் குரங்கும்

தண்ணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கடைசியில் கிளப்பியது விவசாயிகளோ இறால் பிரியர்களோ இல்லை. காவாய் தீவில் இரண்டு சர்க்கரைக் கம்பெனிகள் ஒரே ஆற்றுத் தண்ணிக்காகச் சண்டை போட்டு நீதிமன்றம் போனார்கள். 1973-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் கேட்டு இரண்டு பேரும் ஆடிப்போனார்கள். தண்ணி உங்க ரெண்டு பேருக்குமே சொந்தமில்லை, மக்கள் சார்பில் அரசின் பொறுப்பில் இருப்பது என்றது நீதிமன்றம். அப்பம் பங்கு போட்ட குரங்குக் கதைதான், ஆனா இந்தத் தடவை அப்பம் போய்ச் சேர்ந்தது ஊருக்கு!

1978-ல் மாநில அரசியல் சட்டத்திலேயே இது ஏறியது. 1987-ல் நீர்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஓடையிலும் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணி ஓடணும் என்று நிர்ணயிக்க ஓர் ஆணையமும் வந்தது. மீன், இறாலின் வாழிடமும் அந்தக் கணக்கில் சேரும். அடடே என்று சந்தோஷப்படும் முன் அடுத்ததைக் கேளுங்க. கிழக்கு மாவுய் ஓடைகளுக்கு 1988-ல் ஆணையம் வைத்த இடைக்கால அளவு, அன்றைக்கு அதில் எவ்வளவு ஓடிக்கொண்டிருந்ததோ அதுவே! காய்ந்து கிடந்த ஓடைக்குக் காய்ந்து கிடப்பதே சட்டப்படி சரியான அளவு ஆகிவிட்டது.

திருப்பம் ஒவாஹு தீவில் வந்தது. அங்கே வயாஹோலே என்ற இடத்திலிருந்து மலையைக் குடைந்து 1916 முதல் மறுபக்கத்துக்குத் தண்ணி போய்க்கொண்டிருந்தது. 1990-களில் அந்தச் சர்க்கரைக் கம்பெனி மூடப்பட்டது. கரும்பே இல்லை, தண்ணி எதுக்கு என்று கேட்டார்கள் இந்தப் பக்கத்து மக்கள். வழக்கு நடக்கும்போதே கொஞ்சம் தண்ணியை ஓடையில் திருப்பி விட்டார்கள். வேகமாக வந்த தண்ணி, தேங்கிய குட்டைகளில் குடியேறியிருந்த வெளிநாட்டு மீன்களை அடித்துக்கொண்டு போனது. நோயையும் ஒட்டுண்ணியையும் பரப்பி, சுதேசி மீன்களுக்கு இடைஞ்சலாக இருந்தவை அவை. 2000 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் குறிப்பிட்டது. அறிவியல் விடை முழுசாகக் கிடைக்கவில்லை என்பதைச் சாக்காக வைத்து ஓடையைக் காப்பாற்றாமல் இருக்கக் கூடாது என்றும் சொன்னது.

அடுத்த வருஷமே, 2001-ல், கிழக்கு மாவுய் சேப்பங்கிழங்கு விவசாயிகள் 27 ஓடைகளுக்கு மனுப் போட்டார்கள்.

இறாலுக்கு எவ்வளவு தண்ணி போதும்?

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். ஓடை ஆர்வலர், கம்பெனி ரெண்டு பக்கமும் கத்திக்கொண்டே இருக்கலாம். இறாலுக்கு நிஜத்தில் எவ்வளவு வேணும்?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 2005-ல் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தது. மழை இல்லாத நாளிலும் ஊற்றால் ஓடுகிற அடிப்படை நீரோட்டத்தில் 64 சதவீதத்தை ஓடையில் விட்டால், இந்த மீன், இறால், நத்தைகளுக்கான வாழிடத்தில் 90 சதவீதம் கிடைத்துவிடும். அதாவது மூன்றில் ஒரு பங்கை மனுசன் எடுத்துக்கலாம், இறாலும் பிழைத்துக்கொள்ளும். மொத்தமாக எடுப்பதுதான் பிரச்சினை.

இந்தக் கணக்கு கையில் இருந்தும் வழக்கு இழுத்தது. மாவுயில் கடைசிக் கரும்பு 2016 டிசம்பரில் வெட்டப்பட்டது, அதோடு ஹவாயின் சர்க்கரைக் காலமே முடிந்தது. 2018 ஜூனில்தான் ஆணையத்தின் முடிவு வந்தது. பத்து ஓடைகளுக்கு முழு நீரோட்டத்தையும் திருப்பிக் கொடுக்கணும். சிலவற்றில் வாழிடத்துக்கு வேண்டிய அளவு. இன்னும் சிலவற்றில், ஏறிப் போகிற உயிர்களுக்கு மலை முதல் கடல் வரை வழி ஈரமாக இருந்தால் போதும் என்ற அளவு. மனு போட்ட நாளிலிருந்து 17 வருஷம். அன்றைக்குப் பெரியவர்களாக இருந்த விவசாயிகளில் எல்லோரும் இதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இதோடு சுபம் போட்டுவிட முடியாது. அதே கால்வாயிலிருந்துதான் மாவுயின் மேட்டு ஊர்களுக்குக் குடிதண்ணி போகிறது, அவர்களும் மனுசங்கதானே. நிலம் 2018 கடைசியில் கை மாறியது, எவ்வளவு எடுக்கலாம் என்ற வழக்குகள் அதற்கப்புறமும் ஓயவில்லை.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. 1878-ல் கயிறு பிடித்து இறங்கிய பால்ட்வினுக்கு, கடலுக்குப் போன தண்ணி எல்லாம் வீணான தண்ணிதான். 2018-ல் ஓர் அரசாங்க உத்தரவு, கடல் வரை ஈரம் இருக்கணும் என்று எழுதுகிறது. ஓட்டுப் போடாத, விரல் நீளம்கூட இல்லாத ஜீவன்களுக்காகவும் சேர்த்து!

தமிழ்நாட்டு ஆறும் ஹவாய் ஓடையும் ஒண்ணில்லை. நம்ம பஞ்சம் வேற, நம்ம கணக்கும் வேற. அணை கட்டாதேன்னு நான் சொல்ல வரலை. அந்த வரியில் இருக்கிற 'வீணாக' என்கிற ஒரு வார்த்தைதான் உறுத்துது. கடலில் கலக்கிற தண்ணி யாரையாவது அங்கே கொண்டு போய் விட்டுட்டு, யாருக்காவது திரும்பி வர வழி காட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்த மழைக்கு அந்தச் செய்தி வரும்போது யோசிச்சுப் பாருங்க.